"ஒண்ணுக்குப் போயிட்டு வரேன் சார்!" - இதைச் சொல்ல முடிகிற இடமா உங்கள் ஆபீஸ்?

சித்திரை மாதத்து வெயில். திண்டுக்கல் வெயிலைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. காலை பத்து மணிக்கே மலைக்கோட்டைப் பாறை கொதிக்க ஆரம்பித்துவிடும். அப்படியொரு நாளில், வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தன் அம்மாவோடு வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். தையல் கம்பெனியில் வேலை.

"என்னம்மா பண்ணுது?"

"நீர் எரிச்சல்யா. அடிவயிறு இழுத்துப் பிடிக்குது. பொங்கலுக்குப் பெறகு இது மூணாவது தடவ."

முதல் இரண்டு தடவையும் டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். கேட்டிருக்கிறது. திரும்பவும் வந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறே?"

பெண் வாய் திறக்கவில்லை. அம்மாதான் சொன்னார். "வேலைக்குப் போற நாள்ல தண்ணியே குடிக்க மாட்டாய்யா. கொண்டுபோற பாட்டிலு நெறஞ்சபடியே வீட்டுக்குத் திரும்பி வருது."

"ஏன் தாயி?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "குடிச்சா போகணும்ல. போகணும்னா கேக்கணும். கேட்டா, 'இப்பத்தான போயிட்டு வந்தே, உனக்கு என்ன சுகர் வியாதியா?'ம்பாரு. பத்து ஆம்பளைங்க முன்னாடி. அதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்."

மருந்து எழுதிக் கொடுத்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன்... அந்தப் பெண்ணுக்கு எந்த மருந்து கொடுத்தாலும், அந்த சூப்பர்வைசரின் நாக்கு மாறாத வரை நாலாவது தடவையும் அவள் வருவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மருந்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதைத் தேடிக் கடைசிப் பாராவுக்குப் போய்விடுவீர்கள்! வெயில் காலத்தில் சாதாரண நீர்க்கடுப்புக்கு பார்லிக் கஞ்சி, நீர்மோர், வெள்ளரி, வாழைத்தண்டு, சிறுகீரை எல்லாமே நல்லவை. நெருஞ்சில் முள்ளை இடித்துக் கஷாயமாக்கிக் கொடுப்பது எங்கள் முறையில் பழைய வழக்கம். அளவைப் பக்கத்திலுள்ள சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப்பக்கம் வலி, சிறுநீரில் இரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. அங்கே ஆன்டிபயாடிக் கொடுத்தால், எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். சித்த மருத்துவன் இதைச் சொல்கிறானே என்று ஆச்சரியப்பட வேண்டாம். கிருமி வளர்ந்துவிட்ட பிறகு எந்த வைத்தியம் உசத்தி என்று வாதாட நேரமில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

14 வேகங்கள்... அடக்குவது யார்?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது பரீட்சைக்காக நாங்கள் மனப்பாடம் செய்த பாடங்களில் ஒன்று 'பதினான்கு வேகங்கள்'. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். உடம்பு தானாகக் கேட்கிற இந்தப் பதினான்கையும் அடக்கக் கூடாது. அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய்ப் பட்டியல் உண்டு. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, எரிச்சல், மூட்டு நோவு. பசியை அடக்கினால் உடல் இளைப்பு, முகவாட்டம். தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவப்பு, பேச்சில் தெளிவின்மை. கண்ணீரை அடக்கினாலும் நோய்தான். கண்ணுக்கும் தலைக்கும் அது கேடு என்றார்கள்.

நவீன மருத்துவமும் இதில் நம்மோடு சண்டைக்கு வராது. சிறுநீர் பையிலேயே தேங்கி நின்றால் கிருமி பெருகச் சௌகரியமாகிவிடுகிறது. பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு, சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதனால் கிருமி மேலே ஏறுவது சுலபம். தண்ணீரும் குடிக்காவிட்டால் கழுவிவிட ஆளில்லை. கல் அடைப்புக்கும் அதுவே வழி.

படிக்கிற காலத்தில், அடக்குகிறவரும் அவதிப்படுகிறவரும் ஒரே ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். சோம்பல், கூச்சம், சினிமா பாதியில் எழுந்து போக மனசில்லாமை... இப்படி. டிஸ்பென்சரி வைத்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. இப்போது தெரிகிறது, பாதிப் பேருக்கு வேகத்தை அடக்குகிறவர் வேறு ஆள்! லைனில் நிற்கிற சூப்பர்வைசர், கல்லாவில் இருக்கிற முதலாளி, ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் கணக்குக் கேட்கிற மேனேஜர். இவர்களுக்கு யாரும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதில்லை.

நூற்பாலையில் வேலை செய்கிறவர் இருமுகிறார். பஞ்சுத் தூசி. வாரலீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடித்தால் அது 'பைசினோசிஸ்' ஆக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்து, தூசியிலிருந்து விலக்கினால் நல்லது. ஆனால் "இருமல்னு சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கய்யா" என்று மிட்டாய் வாயில் போட்டு இருமலை மறைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இது அறியாமையால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. வேலை போய்விடுமோ என்கிற பயம்.

நம்ம மாவட்டத்தில் நடந்தது

இந்த பயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெகு தூரம் தேட வேண்டாம். 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் என்கிற ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இருபது வயதுப் பெண், ஒரு தலித் குடும்பத்துப் பிள்ளை, கொலை செய்யப்பட்டாள். அந்த வழக்கில் கைதானவர் அவளுடைய சூப்பர்வைசர். பல மாதங்களாகவே அவளுக்குத் தொந்தரவு இருந்ததாகக் குடும்பத்தாரும் கூட வேலை செய்தவர்களும் பிறகு சொன்னார்கள்.

'பிறகு' என்ற வார்த்தையை இன்னொரு தடவை படியுங்கள். முன்னாடியே சொல்ல ஓர் இடம் இருந்திருந்தால்?

பெண்களே முன்னின்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற தொழிற்சங்கம் அந்தக் கேள்வியை விடவில்லை. ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் முதலிய அமைப்புகள் துணை நின்றன. 2022 ஏப்ரலில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், அதாவது அந்தத் தொழிற்சாலையை நடத்துகிறவர்கள், சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அவர்களிடம் துணி வாங்குகிற எச் அண்ட் எம் நிறுவனமும் கையெழுத்துப் போட்டது. பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதற்குள் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். உலகம் முழுக்க இதற்கு என்ன பேர் தெரியுமா? 'திண்டுக்கல் ஒப்பந்தம்'! பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊர், இதற்கும் பேர் வாங்கியது.

அதில் என்ன புதுமை? ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்வேன். லைனில் தைக்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஆபீஸ் அறையில் ஏ.சி.யில் இருக்கிறவரிடம் போய் முறையிட வேண்டியதில்லை. பக்கத்து மிஷினில் இருக்கிற அக்காவிடம் சொன்னால் போதும். அவர் நிர்வாகத்திடம் கொண்டுபோவார். சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. சாதியை வைத்து இழிவாகப் பேசுவதும் குற்றம்தான். சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி. கம்பெனி சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டரில் கை வைக்கப்படும் என்கிற கட்டுப்பாடு வேறு. அதுதான் கடிவாளம்.

முதல் ஆண்டு அறிக்கையில் ஒரு கணக்கு கொடுத்திருந்தார்கள். வந்த புகார்கள் 185. தீர்ந்தவை 182. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்டன.

இந்தக் கணக்கைப் படித்த என் நண்பர் ஒருவர், "பார்த்தீங்களா, நூத்தி எண்பத்தஞ்சு புகார்! எவ்வளவு மோசமான இடம்!" என்றார். நான் அப்படிப் படிக்க மாட்டேன். ஜுரம் வெளியே தெரிந்தால் வைத்தியம் பார்க்கலாம். உள்ஜுரம்தான் ஆளைத் தின்னும். ஒரு வருஷமாக ஒரு புகார்கூட வராத கம்பெனி என்று ஒரு முதலாளி என்னிடம் பெருமையடித்தால், அங்கே வேலை செய்கிறவர்களின் யூரினைத்தான் முதலில் டெஸ்ட் செய்யச் சொல்வேன்.

ஒப்பந்தத்தால் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை இந்தத் தொழிற்சாலையின் சரக்குக்குத் தடைபோட்டது. செய்யப்பட்ட திருத்தங்களைப் பார்த்துவிட்டு செப்டம்பரில் விலக்கிக்கொண்டது. ஆனாலும் இவ்வளவு பெரிய இடத்தில் இது முடியும் என்றால், முப்பது பேர் வேலை செய்கிற இடத்தில் முடியாதா?

வீட்டுக்காரம்மா போய்ப் பார்த்தார்

எனக்குத் தெரிந்த ஒருவர் நூல் கோன் சுற்றும் யூனிட் வைத்திருக்கிறார். முப்பது பேர் வேலை. ஐம்பது வயசுக்கு மேல் பிரஷர் ஏறி என்னிடம் வந்தார். "தினமும் நடங்க" என்றேன். "நேரமில்லீங்க டாக்டர்" என்றார். எல்லாரும் சொல்வதுதான்! "வேற எங்கயும் போக வேணாம். தினம் பதினோரு மணிக்கு உங்க யூனிட்டுக்குள்ளேயே இருபது நிமிஷம் நடங்க. அங்கே அவங்க குடிக்கிற டிரம்மிலேயே ஒரு டம்ளர் தண்ணி குடிங்க" என்றேன்.

முதல் நாள் எல்லாரும் பயந்து எழுந்து நின்றுவிட்டார்களாம். ஏதோ ரெய்டு என்று நினைத்து. தண்ணீரில் பாசி வாடை. ஒரே டம்ளர், அதுவும் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறது. இவருக்கே குமட்டியது. மறுநாளும் அதே பதினோரு மணிக்குப் போனார். அடுத்த நாளும். இப்படி நேரம் தவறாமல் போவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எப்போதாவது திடுதிப்பென்று வந்து நிற்கிற முதலாளியிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வயதான அம்மா, "மொதலாளி, பொம்பளைங்க கக்கூஸ கொஞ்சம் பாருங்க" என்றிருக்கிறார்.

இவர் எப்படிப் பார்ப்பது? வீட்டுக்காரம்மாவை அனுப்பினார். அந்த அம்மாள் திரும்பி வந்து சாயந்திரம் வரை இவரோடு பேசவே இல்லையாம்! கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பல்பு இல்லை. மாதவிலக்குத் துணி, நாப்கின் போட ஒரு கூடை இல்லை. குழாயில் காற்றுதான் வருகிறது. "உங்க பொண்ண இங்க வேலைக்கு அனுப்புவீங்களா?" என்று ராத்திரி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் சரிசெய்ய ஆன செலவு ஒரு தீபாவளிப் பட்டாசுச் செலவுகூட இல்லை என்று அவரே சொன்னார். பெண்கள் லீவு போடுவது குறைந்திருக்கிறது என்றும் சொல்கிறார். நான் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்க்கவில்லை. ஆனால் அவருடைய பிரஷர் குறைந்தது. அதை நானே பார்த்தேன்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே குடிதண்ணீர், கழிப்பிடம், சாப்பாட்டு இடைவேளை எல்லாவற்றுக்கும் விதி போட்டிருந்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்று. விதி இல்லாமல் நாம் கெட்டுப்போகவில்லை. இன்னொன்று பாருங்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே கால் வீங்கி, கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வருவார்கள். 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கடைகளில் ஊழியர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை வேண்டும் என்று. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது. நல்ல சட்டம். போன மாதம் துணி எடுக்க ஒரு கடைக்குப் போனேன். நாற்காலி இருந்தது. அதில் மடித்துவைத்த துணி உட்கார்ந்திருந்தது! அந்தப் பெண் நின்றுகொண்டுதான் இருந்தாள். கல்லாவில் இருக்கிறவர் "உக்காரும்மா" என்று ஒரு வார்த்தை வாயால் சொன்னால்தான் அந்த நாற்காலி நாற்காலியாகும்.

திட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலையில் தப்பு நடந்தால் கேட்கத்தான் வேண்டும். நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, தப்பை மட்டும் சொல்லுங்கள். அவருடைய அம்மா, அப்பா, ஊர், உடம்பு எதையும் இழுக்காதீர்கள். அழுதால் அழ விடுங்கள். "இங்க அழாதே, போய் வேலையைப் பாரு" என்பது பதினான்கில் ஒன்றை நீங்கள் அடக்குவதாகும்.

வேலைக்குப் போகிற பெண்கள் உள்ள வீடுகளில் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும், பாலியல் தொந்தரவுப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 10 பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல்தான் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. வீட்டு வேலை செய்கிற பெண்களும் அங்கே போகலாம்.

வீட்டு வேலை என்றதும் ஞாபகம் வருகிறது. நம் வீட்டுக்கு ஏழு மணிக்கு வந்து, நாலு வீடு முடித்து, மதியம் இரண்டு மணிக்குத் தன் வீட்டுக்குப் போகிற அம்மா, அந்த ஏழு மணி நேரத்தில் எங்கே போகிறார்? என் மனைவியிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. எங்கள் வீட்டில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறார். அதற்கப்புறம்தான் பின்பக்கத்துப் பாத்ரூமைக் காட்டி, ஒரு சோப்பும் வைத்தோம்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவனின் டிஸ்பென்சரி லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். டோக்கன் கொடுத்து, சூரணம் மடித்துத் தருகிற பெண் எட்டு மணிக்கு வருவாள். கூட்டம் முடிய இரண்டு, இரண்டரை ஆகும். வருகிறவர்களிடமெல்லாம் "நேரத்துக்குச் சாப்பிடுங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் பசியோடு பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போது பதினொன்றரைக்குக் கால்மணி நேரம் கதவைச் சாத்திவிடுகிறோம். "டாக்டருக்கு டீ டைம் வந்துடுச்சு" என்று வெளியே சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

அந்தத் தையல் கம்பெனிப் பெண் ஆடி மாதம் மறுபடி வந்தாள். எரிச்சல் இல்லை, மருந்து தீர்ந்துவிட்டது என்று வந்திருந்தாள். லைனில் நாலைந்து பேராகச் சேர்ந்து மேனேஜரிடம் போய்ப் பேசியிருக்கிறார்கள். இப்போது கேட்க வேண்டியதில்லையாம். மிஷின் மேல் ஒரு சிவப்பு அட்டையைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்வரலாம். "அந்த சூப்பர்வைசர் என்ன சொல்றாரு?" என்றேன். "மூஞ்சியத் திருப்பிக்கிறாருய்யா. வாயத் தொறக்கிறதில்ல" என்றாள்.

பையில் பாட்டில் இருந்தது. எடுத்துக் காட்டச் சொன்னேன். பாதி காலியாகியிருந்தது. மருந்து இன்னும் பதினைந்து நாளைக்குக் கொடுத்திருக்கிறேன்.